சூடாக இருந்த பானெட்

காரில் உட்கார்ந்து சோக் குமிழை முழுதாக வெளியே இழுத்தாள். குமிழைக் கால் சுற்று திருப்பாவிட்டால் அது தானாக உள்ளே போய்விடும், திருப்பினாள். சாவியைப் போட்டதும் சீட்டுக்குப் பின்னால் எங்கேயோ பெட்ரோல் பம்பு டிக்டிக்கென்று அடிக்கத் தொடங்கியது. அது ஓயும்வரை எதையும் தொடக்கூடாது. வேகமாக அடித்தது, நிதானப்பட்டது, யோசித்து யோசித்துக் கடைசியாக இரண்டு தரம் அடித்துவிட்டு நின்றது. பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள்.

இன்ஜின் இருமியது. இரண்டாம் தரம் இழுத்தபோது பிடித்துக்கொண்டது.

அந்த மூன்று சக்கரப் பிரிட்டிஷ் கார் நின்றிருந்தது வீட்டின் முன்னறையில். சோபாவும் டிவியும் இருக்க வேண்டிய இடத்தில் பதினொரு வருஷமாக நிற்கிறது. தெருப்பக்கத்துச் சுவரை உடைத்து இரட்டைக் கதவு போட்டு அதன் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். அந்தக் கதவுகளை அவள் முன்பே அகலத் திறந்துவைத்திருந்தாள். நீலப்புகை அறையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் போனது. எதிர்வீட்டு மாடியில் துணி உதறிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். ஹேண்டில் என்று தெருவே கூப்பிடும் அவள் கணவர் வீட்டில் புகை வருவது ஒரு செய்தியல்ல என்பதால் அடுத்த துணியை எடுத்தாள்.

ஐந்து நிமிஷம் ஓடவிட்டாள். விருந்தாளி வருமுன் வெந்நீர் போட்டு வைப்பதுபோலத்தான். அணைத்தாள். பேட்டரி வயரைக் கழற்றிப் பழையபடி ஓரமாக வைத்தாள். ஒரு கையால் கதவையும் மறு கையால் தன் வலது முழங்காலையும் பிடித்துக்கொண்டு இறங்கி, பழைய செய்தித்தாளால் மிச்சப் புகையை விரட்டி, இன்ஜின் மூடியான பானெட்டைத் துடைத்தாள். மணி எட்டரை. முப்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் ஒரு காரை ஸ்டார்ட் செய்தது இதுதான் முதல் முறை. அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஹேண்டில் அப்போது ரயில் நிலையத்தில் இருந்தார், காரை வாங்க வரும் பல் டாக்டரைக் கூட்டிவர. ஸ்கூட்டரில் போயிருந்தார். அது ஜப்பான் ஸ்கூட்டர். ஊருக்கெல்லாம் பிரிட்டிஷ் கார் விற்கிறவர், அவசரமாகப் போக வேண்டிய இடத்துக்கு அதில்தான் போவார். இதைப் பற்றி யாராவது கேட்டால், “அது வாகனம். இது கார்” என்பார்.

வியாழக்கிழமை அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். அன்று திங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் மாடிப்படி ஏறக்கூடாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுக்கையறை மாடியில். கீழே இருப்பது சமையலறை, குளியலறை, பிறகு கார். ஆகவே வியாழனுக்குள் கார் போக வேண்டும், அந்த இடத்தில் கட்டில் வர வேண்டும். இதைவிட எளிய கணக்கு இல்லை. ஆனால் கணக்கின் நடுவே ஹேண்டில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு வேறு இடம் இல்லாமல் இல்லை. ஊர் எல்லையில் வாய்க்கால் ஓரமாக ஒரு வாடகைக் கொட்டகை இருக்கிறது. விற்பனைக்கான மற்ற கார்கள் அங்கேதான் நிற்கின்றன. இதை மட்டும் அங்கே விட முடியாது. இதன் உடம்பு மரச் சட்டகம், அதன் மேல் அலுமினியத் தகடு. வாய்க்கால் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் சட்டகம் பிஸ்கட்டாகிவிடும்.

“அப்பா, கொட்டகையில கொண்டுபோய் வச்சாத்தான் என்ன?” என்று மகள் போனில் கேட்டபோது அவர் கோபப்பட்டார்.

“அந்த ஈரத்துலயா? உங்கம்மாவைக் கொண்டுபோய் அங்க வைப்பியா நீ?”

“வைக்கட்டுமே,” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. “அங்கயாவது மாடிப்படி இல்ல.”

ஹேண்டில் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். அடிபட்ட வண்டிகளைச் சுற்றி நடந்து, என்னென்ன போயிற்று என்று எழுதிக் கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷம் எழுதினார். ஒருநாள், சுவரில் மோதிக்கிடந்த ஒரு பழைய பிரிட்டிஷ் காரைப் பார்க்க அனுப்பினார்கள். ‘முழு நஷ்டம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் திரும்பிப் போய், பழைய இரும்பு விலைக்கு அதைத் தானே வாங்கிக்கொண்டார். மறுநாள் உறுத்தியது. மதிப்பிட்டவனே வாங்கியது சரியல்ல என்று தன்மேல் தானே ஒரு புகார் எழுதி மேலதிகாரிக்குக் கொடுத்தார். மேலதிகாரி படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். ஹேண்டில் நகல் வைத்திருந்தார். அதைக் கொடுத்தார்.

அந்தக் காரில் ஸ்டார்ட்டர் கிடையாது. தினமும் காலையில் முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, தெருவில் குனிந்து நின்று சுற்றுவார். ஒரு நாள் கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு இடது கையால் சுற்றினார். அன்றிலிருந்து ஹேண்டில்.

வேலையை விட்டபின் இதுவே தொழிலானது. எல்லோரும் வாங்குகிற பழைய கார்களை அவர் தொடமாட்டார். யாருக்கும் வேண்டாதவை, ஆனால் யாரோ ஒருவருக்கு உயிருக்குயிரானவை, அவைதான் அவர் சரக்கு. ரிவர்ஸ் கியரே இல்லாத குட்டிக் கார் ஒன்று விற்றார். சுவரைப் பார்த்து நிறுத்தினால் இறங்கித் தூக்கித் திருப்ப வேண்டும். மின்சாரத்தில் ஓடும் பால் வண்டி ஒன்று. சைக்கிள்காரர்கள் அதை முந்திக்கொண்டு போகும்போது வணக்கம் சொல்வார்கள். நீரிலும் நிலத்திலும் போகும் கார் ஒன்று. அதற்கு அவர் எழுதிய விளம்பரத்தில், ‘நீரில் இறங்கும். ஏறுவதற்கு நான் பொறுப்பல்ல’ என்று இருந்தது.

விளம்பரம்கூடப் பெரிதில்லை. அவருடைய பட்டியல்தான் பெயர் போனது. ஒவ்வொரு காருக்கும் குறைப்பட்டியல் ஒன்று கையால் எழுதுவார், எண் போட்டு. வாங்க வருகிறவர் காரைப் பார்ப்பதற்கு முன் அதைப் படித்தாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி ரத்தத்தில் ஏறியிருந்தது. அதைவிடப் பெரிய விதி ஒன்று: வாங்குகிறவர் வரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பழைய இன்ஜினின் நோயெல்லாம் காலையில் முதல் தடவை எழுப்பும்போதுதான் தெரியும். சூடேறிவிட்டால் எந்த நோஞ்சானும் நன்றாகத்தான் ஓடும். அதனால் சில வியாபாரிகள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டுத் தற்செயலாகச் சாவியைத் திருப்புவதுபோலத் திருப்புவார்கள். பழகிய ரசிகர்கள் வந்ததும் முதலில் பானெட்டில் கைவைத்துப் பார்ப்பது இதற்குத்தான். ஹேண்டில் காரில் யாருக்கும் கை சுட்டதில்லை.

இந்த விதியை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

அவள் பார்த்ததெல்லாம் இதுதான். இந்தக் காருக்கு இதற்குமுன் இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள், “சார், மூணு சக்கரம்தானே, கவிழுமா?” என்று கேட்டார். ஹேண்டில் ஒரு காகிதம் எடுத்துப் படம் வரைந்து, எந்தத் திருப்பத்தில், எந்த வேகத்தில், எந்தப் பக்கமாகக் கவிழும் என்று விளக்கி, தான் கவிழ்ந்த மூன்று இடங்களையும் குறித்துக் கொடுத்தார். அந்த ஆள் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டாமவர் பேங்க் மேனேஜர். அவர் முன்னால் கார் நாலு தடவை கிளம்பவில்லை. ஐந்தாம் தடவை கிளம்பியபோது ஹேண்டில் மகிழ்ச்சியோடு, “இன்னைக்குப் பரவாயில்ல சார், நல்ல மூடுல இருக்கு” என்றார்.

அவர் வாயை அடைக்க முடியாது, காரையாவது தயார் செய்து வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் எட்டேகாலுக்குக் காரில் ஏறினாள்.

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பல் டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். நீள நீளமான விரல்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிரிட்டிஷ் கார்கள் வைத்திருக்கிறவர். உள்ளே வந்தார், காரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. காப்பி வேண்டாம் என்று கையசைத்தபடியே அந்தக் கையைக் கொண்டுபோய்ப் பானெட்டில் வைத்தார்.

குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் வைத்த கை அங்கேயே நின்றது.

“சார், சூடா இருக்கே.”

“வெயில் பட்டிருக்கும்,” என்றார் ஹேண்டில். பதினொரு வருஷத்தில் அந்த அறைக்குள் வெயில் வந்ததில்லை என்பது சொன்னபிறகு அவருக்கே நினைவு வந்தது. தன் கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

“உங்களப் பத்தி நாலு பேர் சொன்னாங்க சார்,” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். “ஹேண்டில்கிட்டப் போ, பல்லைப் புடிச்சே பாக்க வேண்டாம், அவரே எல்லாச் சொத்தையையும் காட்டிடுவார்னாங்க. அதை நம்பித்தான் இருட்டோட எழுந்து ரயில் ஏறி வந்தேன்.”

“டாக்டர், நான்தான்,” என்றாள் மனைவி. “அவர் உங்களக் கூப்பிடப் போயிருந்தப்ப ஸ்டார்ட் பண்ணினேன். நீங்க வரும்போது ரெடியா இருக்கட்டுமேன்னு. அவருக்குத் தெரியாது.”

டாக்டர் மரியாதையாகச் சிரித்தார். “போன மாசம் ஒரு இடத்துல தம்பி பண்ணிட்டான்னு சொன்னாங்கம்மா. அதுக்கு முந்தி ஒரு இடத்துல டிரைவர். வீட்டுக்காரம்மா இதுதான் முதல் தடவை.”

இந்த இடத்தில் வேறு எந்தக் கணவனும் மனைவி பக்கம் பேசியிருப்பான். ஹேண்டில் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இல்ல டாக்டர். உண்மையச் சொல்லணும்ல? இவளால முடியாது. பானெட் எது டிக்கி எதுன்னே இவளுக்குத் தெரியாது.”

அவள் அவரைப் பார்த்த பார்வைக்குப் பானெட் இன்னும் கொஞ்சம் சூடேறியிருக்கும்.

டாக்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “அப்ப நான் வர்றேன் சார்.”

“டாக்டர், ஒரு நிமிஷம்.” அவள் நகர்ந்து வாசலை மறைத்த மாதிரி நின்றாள். “பல்லுல ஊசி போட்டு மரத்துப்போயிருக்கு. அப்பத் தட்டிப் பாத்து வலிக்குதான்னு கேட்டா தெரியுமா?”

“தெரியாது.”

“அதுக்காக ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா? மரப்பு போற வரைக்கும் உக்கார வைக்க மாட்டீங்க?”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரயில் நாலு மணிக்குத்தானே? இது ஒரு மணிக்கெல்லாம் ஆறிடும். சாப்பிட்டுட்டு, ஆறினப்புறம் பாருங்க. பிடிக்கலேன்னா போங்க.”

டாக்டர் பையைக் கழற்றினார். உட்கார நாற்காலி தேடினார். அந்த அறையில் காரைத் தவிர உட்கார ஒன்றும் இல்லை. காரில் உட்கார்ந்தார்.

அப்படித் தொடங்கியது காத்திருத்தல். பானெட்டைத் திறந்து வைத்தார்கள், சீக்கிரம் ஆறட்டும் என்று. மின்விசிறியைக் கொண்டுவந்து இன்ஜினைப் பார்த்து வைத்தார்கள். அரை மணிக்கொருமுறை டாக்டர் இறங்கி வந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஹேண்டில் மனைவியோடு பேசவில்லை. பேச வேண்டியிருந்தால் டாக்டர் வழியாகப் பேசினார்.

“டாக்டர், காப்பில சர்க்கரை போட்டாச்சான்னு கேளுங்க.”

“டாக்டர், அவருக்குச் சர்க்கரை கிடையாதுன்னு அவருக்கே தெரியும்னு சொல்லுங்க.”

“சார், உங்களுக்குச் சர்க்கரை கிடையாதாம்.”

குறைப்பட்டியல் வந்தது. நாலு பக்கம், நாற்பத்தொரு எண்கள். டாக்டர் ஸ்டியரிங்கின் மேல் வைத்துப் படித்தார். ‘ஐந்து: மழையில் இடது காலில் தண்ணீர் படும், வலது காலில் படாது. பதினேழு: மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புவதில்லை. இருபத்திமூன்று: ஹாரன் இறந்துவிட்டது. முப்பது: வலது கதவு பழகியவர்களுக்கு மட்டும் திறக்கும்.’ படிக்கப் படிக்க அவர் உதடு கோணியது. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று மனைவிக்குத் தெரிந்தது. ஹேண்டிலுக்குத் தெரியவில்லை, அவர் கவலையோடு முப்பத்தொன்றை விளக்க ஆரம்பித்தார்.

“விற்கும் காரணம், இடம் வேண்டும்னு போட்டிருக்கீங்களே,” என்றார் டாக்டர். “எதுக்கு இடம்?”

ஹேண்டில் கூரையைப் பார்த்தார். காரில் இருக்கும் எல்லாக் குறையையும் சொல்வார், வீட்டில் இருப்பதைச் சொல்லமாட்டார். பரிதாபப்பட்டு ஒருவர் கார் வாங்கிவிடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதம். முழங்கால் பேச்சையே எடுக்கக்கூடாது என்று மனைவிக்கும் கட்டளை.

“இடம் இடத்துக்குத்தான்,” என்றார்.

அப்போது மகளின் போன் வந்தது. மனைவி கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திப் போனைக் காரின் மட்கார்டு மேல் வைத்தாள். குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அம்மா, அந்தப் பல்லு வந்துட்டாரா? அப்பா இன்னைக்கும் உண்மை பேசிட்டாரா?”

“பேசிட்டாரு. நீ வை, அப்புறம் பேசறேன்.”

“வைக்காதம்மா. வியாழக்கிழமை ஆபரேஷன். இன்னைக்கும் போகலேன்னா கட்டிலை எங்க போடறது, கார் மேலயா? நான் வேணா அப்பாகிட்டப் பேசறேன். இல்ல, அந்தப் பல்லுகிட்டக் குடு, அவர்கிட்டயே பேசறேன்.”

“வணக்கம்,” என்றது பல்லு, காருக்குள்ளிருந்து.

போனில் ஒரு ‘ஐயோ’ கேட்டது. பிறகு தானாகவே துண்டித்துக்கொண்டது.

அவள் ஒரு காலில் கனம் படாமல் நிற்பதை டாக்டர் அப்போதுதான் கவனித்தார். “முழங்காலா?” என்றார்.

“வலது,” என்றாள் அவள். “போஸ்டாபீஸ் கவுண்டர்ல முப்பது வருஷம் நின்னது.”

“அதுக்காக நான் கார் வாங்கமாட்டேன்மா.”

“வாங்கக்கூடாது!” என்றார் ஹேண்டில் உரக்க. அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் தெம்பு வந்தது. “கரெக்ட் டாக்டர். காருக்காக வாங்கணும்.”

“ரெண்டு பேருமே நல்லாப் பேசறீங்க,” என்றாள் அவள். “வந்து சாப்பிடுங்க.”

சமையலறையில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது ஹேண்டில் எதையோ மெல்லாமல் வாயில் வைத்திருந்தார். அவர் மனசு வேறெங்கோ இருந்தது. கடைசியில், டாக்டரை விட்டுவிட்டு, நேராக அவளைப் பார்த்துக் கேட்டார்.

“பேட்டரி வயர்?”

“மாட்டினேன். அணைச்சப்புறம் கழட்டி ஓரமா வச்சேன்.”

“பம்பு நின்னப்புறம் ஸ்டார்ட்டர இழுத்தியா, நிக்கறதுக்கு முந்தியா?”

“நின்னப்புறம்.”

“சோக்கு?”

“முழுசா இழுத்துக் கால் சுத்து திருப்பினேன். புடிச்சப்புறம் பாதி உள்ள தள்ளினேன்.”

“எத்தனை எண்ணி?”

“இருபது எண்ணி. நீங்க எண்ணுற மாதிரியே. பதினாலுக்கப்புறம் நீங்க பதினாறுக்குப் போயிடுவீங்க. நான் பதினஞ்சையும் எண்ணினேன்.”

ஹேண்டில் கை கழுவினார். துடைத்தார். பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, சமையலறை மேஜையில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்பத்தொன்றுக்குக் கீழே ஒரு கோடு விட்டு எழுத ஆரம்பித்தார். நடுவில் நிமிர்ந்து, “எத்தனை மணிக்கு?” என்றார்.

“எட்டேகால்.”

‘நாற்பத்திரண்டு: இன்று காலை 8.15 மணிக்கு, வாங்குபவர் வருமுன், என் மனைவியால் ஐந்து நிமிடம் இயக்கப்பட்டது. எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டு டாக்டர் பக்கம் தள்ளினார்.

டாக்டர் படித்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா சார், இவங்களால முடியாதுன்னு சொன்னதும் நீங்க. பண்ணினாங்கன்னு எழுதறதும் நீங்க. நான் எதை நம்பறது?”

ஹேண்டில் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். ஒரு மணி ஆகிவிட்டிருந்தது. டாக்டர் எழுந்து போய் இன்ஜினைத் தொட்டார். புறங்கையாலும் தொட்டார். பானெட்டைச் சாத்தினார்.

“ஆறிடுச்சு. அம்மா, வாங்க.”

“நானா?”

“காலைல பண்ணினது நீங்கதானே? அதையே இப்பப் பண்ணுங்க. சார், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. பேசக்கூடாது.”

“டாக்டர், அவ கால்...”

“காலைல ஏறின காலுதான்,” என்று அவள் கதவைப் பிடித்தாள். வலது கதவு. பழகியவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு அவளுக்குத் திறந்தது.

முதலில் ஓரத்திலிருந்த பேட்டரி வயரை மாட்டினாள். ஏறி உட்கார்ந்தாள். சோக்கு. சாவி. பம்பு டிக்டிக்கென்று அடிக்கத் தொடங்கியது. அது ஓயும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். டேஷ்போர்டை இரண்டு விரலால் மெல்லத் தட்டினாள். தொண்டையைச் செருமினாள். ஹேண்டிலின் வாய் திறந்தது. பம்பு அடிக்கும் நேரத்தில் அவர் தினமும் செய்வது இதுதான். தான் இதைச் செய்கிறோம் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. அவளோ இதுவும் ஸ்டார்ட் செய்வதில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தாள்.

பம்பு நின்றது. ஸ்டார்ட்டர். இன்ஜின் ஒருமுறை முனகிவிட்டு விட்டுவிட்டது.

மறுபடியும். முனகல்கூட இல்லை.

காரின் அந்தப் பக்கத்தில் ஹேண்டிலின் வலது கை காற்றில் ஒரு குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “சார்,” என்றார் டாக்டர். கை கீழே இறங்கியது.

அவள் அவசரப்படவில்லை. போஸ்டாபீஸ் கவுண்டரில் வரிசை எவ்வளவு நீளமானாலும் அவள் அவசரப்பட்டதில்லை என்று சொல்வார்கள். சோக்கைப் பாதி உள்ளே தள்ளி, மூச்சு வாங்க நேரம் கொடுத்து, திரும்பவும் முழுதாக இழுத்து, ஸ்டார்ட்டரை இழுத்துப் பிடித்தாள். விடவில்லை. பிடித்த பிடியில் இன்ஜின் ஒருமுறை வெடித்தது, குலுங்கியது, ஒரு சிலிண்டர் பின்தங்க மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தன. மூன்று சக்கரத்தின் மேல் கார் முழுவதும் நடுங்கியது. அவள் உதடு அசைந்தது. இருபது எண்ணினாள், பதினைந்தையும் சேர்த்து. சோக்கைப் பாதி தள்ளினாள். ஓட்டம் சமமானது.

டாக்டர் தலையைச் சாய்த்து, வாய்க்குள் பார்ப்பதுபோல் பானெட்டின் மேல் குனிந்து கேட்டார்.

“மூணாவது சிலிண்டர்.”

“பதினேழு!” என்றார் ஹேண்டில் ஆனந்தமாக.

“மூணு தடவை ஆச்சு கிளம்ப.”

“அது ஒன்பது. ஒன்பதுல மூணிலிருந்து அஞ்சுன்னு போட்டிருக்கேன்.”

டாக்டர் நிமிர்ந்தார். நீள விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார். “எடுத்துக்கறேன் சார். விலை நீங்க சொன்னதுதான். நாளைக்கு லாரி அனுப்பறேன்.”

எல்லாம் முடிந்தது என்று அவள் சீட்டில் சாய்ந்தாள். ஹேண்டில் ஒரு அடி முன்னால் வந்தார்.

“இருங்க டாக்டர். எங்க நிறுத்துவீங்க?”

“கிளினிக் பின்பக்கம் ஒரு ரூம் இருக்கு.”

“ஈரம் வருமா?”

“வராது.”

“தரை சிமெண்டா? ஏன்னா சிமெண்டுத் தரை மழைக்காலத்துல கொஞ்சம் வேர்க்கும். மரச் சட்டகம் பாருங்க, நீங்க ஒரு தடவை நல்லா யோசிச்சு...”

அவள் ஸ்டியரிங்கின் நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அவரை நிறுத்த வேறு வழி கையருகில் இல்லை. அந்த அறையே அதிரும்படி ஹாரன் அலறியது. எதிர்வீட்டு மாடிப் பெண் இந்தத் தடவை துணியைக் கீழே போட்டாள்.

மூவரும் ஸ்டியரிங்கைப் பார்த்தார்கள்.

“இருபத்திமூணு வேலை செய்யுதே!” என்றார் ஹேண்டில். அவருக்குச் சிமெண்டு மறந்துபோனது. “எட்டு வருஷமாச் செத்துக் கிடந்தது டாக்டர்! எப்படி அடிச்ச? இன்னொரு தடவை அடி.”

“கையெழுத்துப் போட்டப்புறம் அடிக்கிறேன்,” என்றாள்.

அவர் பேனாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார், பட்டியலில் இருபத்திமூன்றைக் கோடு போட்டு அடித்துவிட. திரும்பி வந்தபோது டாக்டர் விற்பனைக் காகிதத்தை எடுத்து பானெட்டில் விரித்து வைத்திருந்தார். ஹேண்டில் முதலில் பட்டியலைத் திருத்தினார். பிறகுதான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, காரிலிருந்து இறங்க மனைவிக்குக் கை கொடுத்தார்.

“பதினொரு வருஷமாப் பாத்துக்கிட்டா இருந்தே?” என்று கேட்டார்.

“வேற எங்க பாக்கறது?” என்றாள். “டிவியா இருந்தது இங்க?”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. லாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தேமுக்காலுக்கு வந்தது. முன் சக்கரம் ஒன்றே என்பதால் கயிற்றை எப்படிக் கட்டுவது என்று டிரைவருக்குத் தெரியவில்லை. ஹேண்டில் கட்டிக் காட்டினார். வழியில் அவிழ்ந்துவிட்டால் சரியாக இருக்காது என்று லாரியில் கூடவே போனார். பன்னிரண்டு மணிக்கு மகளும் மருமகனும் வந்து மாடியிலிருந்த கட்டிலைப் பிரித்துக் கீழே கொண்டுவந்து முன்னறையில் பொருத்தினார்கள். தலைமாடு ஜன்னல் பக்கம். மகள் தரையை இரண்டு தடவை கழுவினாள். பெட்ரோல் வாசனை போகவில்லை. மனைவி சாப்பிட்டுவிட்டுப் புதிய இடத்தில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். ஹேண்டில் சாயங்காலம் ஆறரைக்கு பஸ்ஸில் திரும்பி வந்தார். கிளினிக் ரூம் தரை சிமெண்டுதான், ஆனால் மேலே மரப்பலகை அடித்திருக்கிறது என்றார். மகள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டியவற்றைச் சொன்னாள். அவர் அதை எண் போட்டு எழுதிக்கொண்டார்.